நாற்பத்தொரு மனுக்களும் ஒரு ரோமாபுரித் தேர்தலும்

ஜனவரி இருபத்தாறு. காலை ஒன்பது மணி நாற்பத்தேழு நிமிடம். பனி விலகியும் விலகாமலும் இருந்தது. ஏரிப் பக்கமிருந்து காற்று இல்லை. வெயில் என் வலது தோளில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. இடது தோளில் விழ வழியில்லை. அங்கே இரண்டு எட்டுமுழ வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த டோகா, அதாவது ரோமாபுரியார் போர்த்தும் ஆடை, கிடந்தது.

எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். போன வருஷமா, அதற்கு முந்தியதா என்பதில் எனக்கும் என் மனைவி சரோஜாவுக்கும் இன்னும் தகராறு.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் இருபத்திரண்டு நிமிடம். அன்று பஞ்சாயத்து அலுவலகத்துக்கு எதிரே, வேப்பமரத்தடியில், பழைய ரோமாபுரிக் குடிமக்கள் ஐந்து பேர் நின்றோம். நால்வருக்கு டோகா. ஐந்தாவது ஆள் கன்னியாஸ்திரீ. "எனக்குத்தான் ஏற்கெனவே வெள்ளை அங்கி இருக்கே" என்று சொல்லி ஒரு டோகா செலவை மிச்சப்படுத்திவிட்டார்.

எழுபத்தொரு வயதில் நான் அங்கே அந்தக் கோலத்தில் நின்றதற்கு ஒரு கணக்கு உண்டு. லத்தீன் பட்டயப் படிப்பில் எழுத்துத் தேர்வு எழுபத்தைந்துக்கு. நான் வாங்கியது முப்பத்தொன்று. செய்முறை இருபத்தைந்துக்கு. மொத்தம் ஐம்பது வந்தால்தான் தேர்ச்சி. எனக்குப் பத்தொன்பது வேண்டும். பதினெட்டு வந்தாலும் போச்சு. இரண்டாம் முறை எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறைக்கு விதியில் இடமில்லை.

ஓய்வு விழாவில் ஒரு கேள்வி

லத்தீன் எதற்கு என்று கேட்காதவர் எங்கள் ஊரில் இல்லை. பதினாறு பேர் நேரில் கேட்டார்கள். மற்றவர்கள் சரோஜாவிடம் கேட்டார்கள்.

நான் முப்பத்துநான்கு ஆண்டு அரசாங்க குமாஸ்தா. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். கோப்புகளைத் தமிழில்தான் எழுத வேண்டும். ஆனாலும் ஓரத்தில் ஒரு லத்தீன் சொல் போட்டால் மேலதிகாரியின் கையெழுத்து வேகமாக விழும் என்பதை இரண்டாம் ஆண்டிலேயே கண்டுகொண்டேன். 'அட் ஹாக்', 'ப்ரோ ரேட்டா', 'எக்ஸ் கிரேஷியா', 'சைனி டை'. மொத்தம் இருபத்துமூன்று சொற்கள். ஒன்றுக்கும் சரியான பொருள் தெரியாது. முன்னிருந்தவர் எழுதினார், நானும் எழுதினேன்.

ஓய்வு பெற்ற அன்று விழா. அறுபது நாற்காலி, ஐம்பத்துநான்கு பேர். புதிதாக வந்திருந்த இளம் அதிகாரி என்னைப் புகழ்ந்து பேசிவிட்டு, உண்மையான ஆசையோடுதான் கேட்டார்: "சார், நீங்க அடிக்கடி 'சைனி டை'ன்னு எழுதுவீங்களே, அதுக்கு நேர் அர்த்தம் என்ன?"

சால்வை என் தோளில் இருந்தது. மாலை கழுத்தில் இருந்தது. பதில் எங்கும் இல்லை. "பரிசீலனையில் இருக்கிறது என்று பொருள்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் பன்னிரண்டு ஆண்டு என்னைத் தூங்கவிடவில்லை. தேர்ச்சிச் சான்றிதழை நகல் எடுத்து அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்பதுதான் என் திட்டம். முகவரிகூட வாங்கி வைத்திருந்தேன்.

ஐந்து பேர், ஒரு மின்விசிறி

சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில், ஒரே மின்விசிறி உள்ள அறையில், சனிக்கிழமை வகுப்பு. செங்கல்பட்டு வரை பஸ், அப்புறம் மின்சார ரயில். ஸ்டேஷன் மேம்பாலம் ஏற நாற்பத்திரண்டு படி, இறங்க நாற்பத்தொன்று. அந்த ஒரு படி எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

மாணவர்கள் ஐவர்: சட்டம் படிக்கும் கார்த்திக், மருந்துக்கடை வைத்திருப்பவர், கணினிக் கம்பெனிப் பெண், கன்னியாஸ்திரீ, நான். எங்களுக்கு வாய்த்த ஆசிரியை ரெபேக்கா மேடம். வயது முப்பத்தெட்டு. குரலை உயர்த்தவே மாட்டார், உயர்த்தியிருந்தால் தேவலை.

முதல் நாளே என் இருபத்துமூன்று சொற்களையும் தாளில் எழுதி நீட்டினேன். பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் பொருள் சொன்னார். ஒன்பதாவதில் நிறுத்தினார்.

"சார், இது 'சைனி டை' இல்லை. 'சினே தியே'. நாள் இல்லாமல். அதாவது, மறுபடி எப்போது என்று நாள் குறிக்காமலே ஒத்திவைப்பது."

"நாளே இல்லாமலா?"

"நாளே இல்லாமல்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று அது வெறும் சொல்.

வகுப்பில் என்னால் ஒரு தொல்லை உண்டென்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஏதென்ஸ் நகரத்தில் பதவிகளுக்குச் சீட்டுப் போட்டு ஆள் எடுத்தார்கள் என்று மேடம் ஆரம்பித்தால் என் கை தானாக மேலே போகும். "மேடம், எங்க ஊர்ல குடவோலை முறை..." மூன்று வகுப்பு பார்த்தார். நான்காவது வகுப்பில் சட்டம் போட்டார்: ஒரு சனிக்கிழமைக்கு ஒரே ஒரு 'எங்க ஊர்ல'. சில வாரம் சேமித்து வைத்து அடுத்த வாரம் இரண்டாகக் கேட்டேன். அதற்கு அனுமதி இல்லை என்றார்.

இதை வீட்டில் சொன்னபோது சரோஜா கேட்டாள்: "அந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுல, கணக்கு காட்டாதவன் எலெக்‌ஷன்ல நிக்கக் கூடாதுன்னு கீதாமே?"

"ஆமாம்."

"போன மாசம் பாலுக்குக் குடுத்த துட்டுல மீதி எங்கன்னு நீங்க இன்னும் சொல்லலியே."

கஞ்சி போட்ட டோகா

செய்முறைக்கு மேடம் கொடுத்த வேலை: ரோமாபுரித் தேர்தல் ஒன்றை நடத்திக் காட்ட வேண்டும். வேட்பாளர் வெள்ளை டோகாவைச் சுண்ணாம்புத் தூளால் இன்னும் வெளுப்பாக்கி அணிந்துகொண்டு, ஊருக்கு நடுவில் ஒவ்வொருவர் கையையும் பிடித்து ஓட்டுக் கேட்பார். அவர் பின்னால் ஓர் ஆள் நின்று எதிரே வருபவரின் பெயரைக் காதில் ஓதுவார். எல்லாரையும் பெயர் சொல்லி விசாரிக்க வேண்டுமே. வாக்காளர் சீட்டைக் கூடையில் போடுவார். குறைந்தது முப்பத்தைந்து வாக்காளர், ஏனென்றால் ரோமாபுரியில் வாக்காளர் பிரிவுகள் முப்பத்தைந்து.

முப்பத்தைந்து பேருக்குச் சென்னையில் எங்கே போவது? நான் கையைத் தூக்கினேன். "மேடம், எங்க ஊர்ல..." அந்த வாரத்து ஒன்று பாக்கி இருந்தது.

இங்கேதான் என் தவறு. கூட்டம் தானாகச் சேரும் நாள் எது என்று எண்ணிப் பார்த்தேன். குடியரசு தினத்தன்று காலை பதினோரு மணிக்குக் கிராம சபை. ஒன்பதரைக்கே நாற்காலி பிடிக்க வந்துவிடுவார்கள். பத்து மணிக்கு ரோமாபுரி, பதினோரு மணிக்கு இந்தியக் குடியரசு. ஒன்றுக்கொன்று இடிக்காது. தலைவரிடம் அனுமதியும் வாங்கினேன். கிராம சபைக்கு மக்கள் கையில் எதை எடுத்துக்கொண்டு வருவார்கள் என்பது மட்டும், முப்பத்துநான்கு ஆண்டு குமாஸ்தாவான என் புத்தியில் உறைக்கவில்லை.

டோகாக்களை வெளுக்கும் வேலை சரோஜாவுடையது. சுண்ணாம்புத் தூள் என்றேன். "உடம்பெல்லாம் அரிக்கும்" என்று சொல்லிவிட்டு நீலம் போட்டு, கெட்டியாகக் கஞ்சி வடித்துப் போட்டுவிட்டாள். காய்ந்தபின் நான்கு டோகாவும் யாரும் உள்ளே இல்லாமலே சுவரில் சாய்ந்து நின்றன. மடித்தால் அப்பளம் மாதிரி சத்தம்.

காதில் பெயர் ஓதும் ஆளாக நான்தான் நிற்பதாக இருந்தது. ஒத்திகையில் தெரிந்தது, எனக்குப் பாதிப் பேரின் பெயர் தெரியாது. அவர்கள் வீட்டு வரி எண்தான் தெரியும். ஆகவே அந்த இடத்துக்கும் சரோஜா வந்தாள்.

சின்னம் இன்னா?

சரியாகப் பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கார்த்திக் மரத்தடி மேடையில் ஏறி, வலது கையை நீட்டி, "கிவேஸ் ரோமானி!" (ரோமாபுரிக் குடிமக்களே!) என்று ஆரம்பித்தான். அதற்குள் என் எண்ணிக்கையில் ஐம்பத்தெட்டுப் பேர். கை தட்டினார்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கோவிந்தசாமி, ஊரில் என்னைவிட மூத்தவர், சரோஜாவைக் கேட்டார்: "இன்னா பாஷைம்மா இது? மலையாளம் மாதிரி கீது."

"லத்தீனு, மாமா. செத்துப்போன பாஷையாம்."

"ஐயோ பாவம். எப்ப?"

கார்த்திக் இறங்கிக் கூட்டத்துக்குள் போனான். பின்னாலேயே சரோஜா. அவள் ஓத ஓத அவன் ஒவ்வொருவர் கையையும் பிடித்தான். "வணக்கம் முனியம்மா அக்கா, மூட்டுவலி தேவலையா?" "ஏழுமலை அண்ணே, கண்ணுக்குட்டி போட்டுச்சாமே?" ரோமாபுரியில்கூட இவ்வளவு கச்சிதமாக நடந்திருக்காது. மேடம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். எனக்குப் பத்தொன்பது கண்ணில் தெரிந்தது.

அப்போதுதான் ஏழுமலை கேட்டான்: "தம்பி, எந்தக் கட்சி?"

பாடத்தில் படித்ததை அப்படியே சொல்வதுதான் கார்த்திக்கின் குணம். "ஆப்டிமாட்டேஸ்" என்று ரோமாபுரி மேட்டுக்குடி அணியின் பெயரைச் சொன்னான்.

"புதுக் கட்சியா? சின்னம் இன்னா?"

"சின்னமெல்லாம் அப்போ கிடையாதுங்க."

"இன்னும் ஒதுக்கல போல கீது" என்று ஏழுமலை பக்கத்தில் விளக்கினான். அவ்வளவுதான். நாற்காலிகள் நகர்ந்தன. வெள்ளை உடுப்பில் ஐந்து பேர் வந்திருக்கிறார்கள், வீட்டு விஷயமெல்லாம் தெரிந்து பேசுகிறார்கள், குறிப்பெடுக்க ஓர் அம்மா இருக்கிறார், எதிரே கூடை இருக்கிறது. எங்கள் மக்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மடியிலிருந்தும் மஞ்சள் பையிலிருந்தும் மனுக்கள் வெளியே வந்தன.

மருந்துக்கடைக்காரரை மூன்று பேர் சூழ்ந்துகொண்டு முதியோர் உதவித்தொகை நின்றுபோனதை விளக்கினார்கள். கன்னியாஸ்திரீயின் கையில் யாரோ ரேஷன் கார்டைக் கொடுத்துப் பெயர் திருத்தச் சொன்னார்கள். கணினிக் கம்பெனிப் பெண்ணின் டோகா கஞ்சியோடு விறைத்து முன்னால் நிற்க, அதன் மடிப்புக்குள்ளேயே இரண்டு மனுவைச் செருகிவிட்டார்கள்.

"இது ஓட்டுச் சீட்டு போடும் கூடை! மனு போடாதீர்கள்!" என்று கத்தினேன். கத்தும்போது இடது கையைத் தூக்கிவிட்டேன். டோகாவை இடது கைதான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று மேடம் ஆறு தடவை சொல்லியிருந்தார். அது கழன்று, தரையில் என் உருவத்திலேயே நின்றது.

"பேஜார்" என்றாள் சரோஜா. உள்ளே நான் சட்டை, வேட்டி போட்டிருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பாலிதீன் உறை

இரைச்சல் கொஞ்சம் அடங்கியபோது ஓர் அம்மாள் வந்து நின்றார். சரோஜா கார்த்திக்கின் காதில் ஓதினாள்: "பச்சையம்மா. கால்வாய்க்கு அந்தாண்ட, இருளர் குடியிருப்பு."

"வணக்கம் பச்சையம்மா அம்மா."

"வணக்கம் இருக்கட்டும் தம்பி. இத்தப் படிச்சிச் சொல்லு. பத்தொம்பது வருஷமா ஒருத்தரும் சரியாப் படிச்சிச் சொல்லல."

பாலிதீன் உறைக்குள் நான்காக மடித்த தாள், அலுவலகத்திலிருந்து திரும்பி வந்த மனு. கார்த்திக் சத்தமாகவே படித்தான். எங்கள் பதினான்கு வீட்டுக்கும் கால்வாயில் இறங்கித்தான் வரவேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் இடுப்புத் தண்ணீர். இரண்டு சிமென்ட் குழாய் போட்டு மேலே மண் கொட்டித் தர வேண்டும். கீழே கைநாட்டு. மேல் மூலையில் இரண்டு ரூபாய் ஸ்டாம்ப். அதற்குப் பக்கத்தில், சிவப்பு மையில், சாய்ந்த கையெழுத்தில்...

கார்த்திக் நிறுத்தினான். மேடத்தைப் பார்த்தான்.

"மேடம், நம்ம ஒன்பதாவது சொல்."

எனக்குப் படித்துக் காட்டத் தேவையில்லை. 'ட' எழுத்தின் காலை நீட்டி இழுப்பது என் வழக்கம்.

"இன்னா எழுதிகீது?" என்றார் பச்சையம்மா.

அறுபது நாற்காலி விழாவில் எனக்கு வராத பதில் அன்று வந்தது. "நாள் இல்லாமல் என்று எழுதியிருக்கிறது" என்றேன். "எழுதினது நான்தான்."

பச்சையம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

"நீதானா சாரு அது? என் சின்னப் பொண்ணு கண்ணாலத்துக்கு மாப்ள வேட்டிய அவுத்துத் தலமேல வெச்சிக்கினு, டவுசரோட தண்ணில எறங்கி வந்தாரு. தாலி கட்டற வரைக்கும் அந்த வேட்டி மட்டும்தான் காஞ்சி இருந்திச்சி. நாள் குறிச்சிதான் கண்ணாலம் வெச்சோம். நீ குறிக்கலியா?"

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். நான் மட்டும் கீழே நின்ற டோகாவை எடுத்து மடிக்கப் பார்த்தேன். அப்பளச் சத்தம் கேட்டது.

எண்ணிக்கை

பதினொன்றுக்குக் கிராம சபை தொடங்கியது. நாங்கள் கூடையை எண்ணினோம். மொத்தத் தாள் ஐம்பத்திரண்டு. மனு நாற்பத்தொன்று, ஓட்டு பதினொன்று. நாற்பது மனுவைப் பஞ்சாயத்துச் செயலரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினேன். ஒன்று என் சட்டைப் பையில் இருந்தது.

ஓட்டு விவரம்: கார்த்திக் நான்கு. எதிர்த்து நின்ற மருந்துக்கடைக்காரர் இரண்டு. வேட்பாளராகவே நிற்காத சரோஜா ஐந்து.

"பேரு சொல்லிக் கூப்ட்டது அதுதானே" என்றார் கோவிந்தசாமி.

கான்சல் என்னும் ரோமாபுரியின் உச்சப் பதவி இவ்வாறு என் வீட்டுக்கு வந்தது. கான்சல் முதல் வேலையாக எல்லாருக்கும் நாஷ்டா கொடுத்தாள். இட்லி நாற்பத்தாறு.

மேடம் கை கழுவிவிட்டு மதிப்பெண் சொன்னார். நிகழ்ச்சிக்கு இருபதுக்குப் பதினைந்து. "வாக்காளர் முப்பத்தைந்து வரவில்லை சார், பதினொன்றுதான்." மீதி ஐந்து, அறிக்கைக்கு. லத்தீனில் ஐந்து வாக்கியம். எனக்கு நான்கு வேண்டும்.

"இன்றைக்கே எழுதித் தருகிறேன் மேடம்."

"முடியாது சார். ஐந்தாவது வாக்கியம், ஜெயிச்சவர் என்ன செய்தார் என்பது. நடக்காததை லத்தீனில் எழுதினாலும் பொய்தான். ஏப்ரல் முப்பது வரை நேரம் இருக்கு."

நான் சரோஜாவைப் பார்த்தேன். அவள் என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"நாந்தானே ஜெயிச்சேன்? குழாய் போடறேன். நீங்க போய் மனுவக் குடுத்துட்டு வாங்க."

தேதி போடுங்கள்

மனுவின் நகலைக் கொடுத்துவிட்டு, அசலைப் பையிலேயே வைத்துக்கொண்டு, ஒன்பது தடவை போனேன். நான் வேலை பார்த்த அலுவலகம் அல்ல. இந்த வேலை இப்போது வேறிடத்துக்கு மாறிவிட்டது. ஆனால் பெஞ்சு அதே பெஞ்சு. கவுன்டருக்கு அந்தப் பக்கம் முப்பத்துநான்கு ஆண்டு உட்கார்ந்தவனுக்கு, இந்தப் பக்கத்துப் பெஞ்சுக்கு மூன்று கால்தான் சமம் என்பது அன்றுதான் தெரிந்தது.

முதல் ஐந்து தடவை, "வெச்சிட்டுப் போங்க சார், பாக்கலாம்." ஆறாவது தடவை கோப்பு மேசைக்கு வந்தது. ஏழாவது தடவை மேசையிலிருந்து எங்கோ போனது. எட்டாவது தடவை திரும்பி வந்தது. இந்த வழிகளெல்லாம் எனக்குத் தெரிந்தவை. சிலவற்றை நானே போட்டிருக்கிறேன்.

ஒன்பதாவது தடவை அந்தப் பெண் குமாஸ்தா பேனாவைத் திறந்தாள். வயது இருபத்தாறு இருக்கும். ஓரத்தில் எழுதப் போனாள்.

"அம்மா, என்ன எழுதுகிறீர்கள்?"

"பரிசீலனையில்னு எழுதறேன் சார்."

"வேண்டாம். தேதி போடுங்கள்."

"தேதியெல்லாம் நாங்க போட மாட்டோம் சார்."

"நானும் போட்டதில்லை. அதனால்தான் கேட்கிறேன்." பாலிதீன் உறையைப் பிரித்து அந்தச் சிவப்பு மையைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், மாப்பிள்ளையின் வேட்டி உட்பட. பக்கத்து மேசைக்காரர்களும் வந்து கேட்டார்கள்.

"சார், நீங்க யாரு?"

"கான்சலோட புருஷன்."

என்ன புரிந்ததோ, உள்ளே போய் வந்து ஏப்ரல் பதினேழு என்று எழுதினாள். குழாய் வந்தது இருபத்தொன்றாம் தேதி, நான்கு நாள் தாமதம். நான்காவது நாள் சாயங்காலம் வரை கால்வாய்க் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். குழாய் இரண்டு, ஒவ்வொன்றும் எட்டடி, மண் ஆறு லோடு.

ஐந்தாவது வாக்கியம்

ரோமானியர்கள் வருஷத்துக்கு எண் வைத்துச் சொல்லவில்லை. அந்த வருஷம் யார் கான்சலோ அவர் பெயரால் சொன்னார்கள். ஆகவே என் ஐந்தாவது வாக்கியம்: 'சரோஜா கான்சலாக இருந்தபோது, குறித்த நாளுக்கு நான்கு நாள் பின்னால், குழாய்கள் போடப்பட்டன.' எந்த வருஷம் என்ற தகராறு அதோடு தீர்ந்திருக்க வேண்டும். சரோஜா ஒப்புக்கொள்ளவில்லை. தான் இன்னும் பதவியில் இருப்பதாகச் சொல்கிறாள்.

மேடம் நான்கு மதிப்பெண் போட்டார். மூன்றாவது வாக்கியத்தில் ஒரு பிழை. அதைப் பிழையென்று நான் இன்னும் ஏற்கவில்லை. இருபது நிமிடம் வாதாடினேன். மொத்தம் ஐம்பது. தேர்ச்சி.

சான்றிதழை நகல் எடுத்தேன். உறையில் அந்த இளம் அதிகாரியின் முகவரியை எழுதினேன். கூடவே இரண்டு வரி எழுத உட்கார்ந்தவன், பச்சையம்மாவின் மனுவையும் நகல் எடுத்து, அந்தச் சிவப்பு மை தெரிகிற மாதிரி மடித்து உள்ளே வைத்தேன். அவர் கேட்டது சொல்லுக்குப் பொருள். பொருள் அந்தத் தாளில்தான் இருந்தது. பதினைந்து நாளில் பதில் அட்டை வந்தது. 'கிடைத்தது சார். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.' எதை என்று எழுதவில்லை.

அன்று மாலை குழாய்ப் பாலத்தின் மேல் நடந்து பச்சையம்மா வீட்டுக்கு அசல் மனுவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கால் நனையாமல் பதினோரு அடி. கூட சரோஜாவும் வந்தாள்.

"பாஸா சாரு?" என்றார் பச்சையம்மா.

"பாஸ்."

"மொத்தம் இன்னா செலவாச்சின்னு கேளு பச்சையம்மா" என்றாள் சரோஜா. "பைசா சுத்தமா சொல்லுவாரு."

சொன்னேன். கட்டணம், ரயில், புத்தகம், வேட்டி, நீலம், இட்லி மாவு, ஒன்பது தடவை பஸ், பதிவுத் தபால் எல்லாம் சேர்த்து இருபத்தோராயிரத்து நூற்று முப்பத்திரண்டு ரூபாய்.

பச்சையம்மா மனுவை உறையிலிருந்து எடுத்து மேல் மூலையைத் தடவிப் பார்த்தார்.

"இந்த ஸ்டாம்பு ரெண்டு ரூவா என் துட்டு. அத்தச் சேத்தியா?"

சேர்க்கவில்லை. சட்டைப் பையில் தேடி, ஒரு நாணயமாகவே கொடுத்தேன். அவர் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

மொத்தம், இருபத்தோராயிரத்து நூற்று முப்பத்துநான்கு ரூபாய்.